ஏழு வரிசைத் தையல்

ஜூன் 11, ஞாயிறு

முழங்கால் தண்ணீரில் மூன்று தடவை விழுந்தேன். நான்காவது தடவை விழவில்லை. ஏறவே முடியவில்லை.

இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். பாம்பன் தென்கடல் கரையில் நின்ற அத்தனை பேரும் பார்த்துவிட்ட பிறகு, டயர் கடைக்காரர் இனாமாகக் கொடுத்த இந்த டைரிக்கு மட்டும் மறைத்து என்ன ஆகப்போகிறது.

விஷயம் இதுதான். என் மகள் ஜெசிந்தா கடல் விளையாட்டு முகாம் ஒன்றில் பயிற்சி கொடுக்கிற வேலையில் இருக்கிறாள். அங்கே சர்ஃப் ஸ்கி என்று ஒரு படகு வைத்திருக்கிறார்கள். இருபது அடி நீளம், அகலம் உட்காருகிறவர் இடுப்பளவு. எங்கள் ஊரில் அதற்கு முருங்கைக்காய் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதன் மேலே உட்கார்ந்து, இரண்டு பக்கமும் இலை உள்ள துடுப்பைப் போட வேண்டும். காற்று பலமாக முதுகில் அடிக்கிற நாளில்தான் இதை எடுப்பார்களாம். காற்று கிளப்புகிற அலையில் ஏறி, அதோடு சறுக்கி இறங்கி, அடுத்ததைப் பிடித்து, இப்படியே இருபது கிலோமீட்டர் போவார்களாம். புத்தியுள்ளவன் வள்ளத்தைக் கரையேற்றுகிற காற்றில் இவர்கள் இறங்குகிறார்கள்.

எனக்கும் அதற்கும் சம்பந்தம் என்னவென்றால், நான் சீட் கவர் தைக்கிறவன். படகையும் ஆளையும் சேர்த்துக் கட்டுகிற கால்பட்டை முகாமுக்கு வேண்டுமாம். கால் எங்கே நீள்கிறது, பட்டை எங்கே உரசும் என்று அளவெடுக்கத்தான் ஏறினேன். அளவு கிடைக்கவில்லை. மூக்கில் உப்புத் தண்ணீர் கிடைத்தது.

வலை உதறிக்கொண்டிருந்த நம்புவேல் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினான். "மச்சான், முழங்கா தண்ணில முங்குன மொத ஆளு நீதான்யா! நில்லு, போட்டா எடுத்துக்கிறேன்!"

நாலு தலைமுறையாகக் கடலுக்குப் போன குடும்பம். எனக்கு வள்ளத்தில் ஏறினால் வாந்தி. அதனால்தான் தையல் மிஷின். அது ஆடாது.

ஜூன் 13, செவ்வாய்

முகாம் நடத்துகிற கிளாட்வின் தம்பி தூத்துக்குடிக்காரர். சின்ன வயது, பெரிய பொறுமை. "லீஷ், அதான் இந்தக் கால்பட்டை, எதுக்குண்ணு தெரியுமா அண்ணாச்சி?" என்று கேட்டார். நான் பத்தாம் வகுப்பை இரண்டு தடவை எழுதியவன், ஆகவே தெரியும் என்று தலையாட்டினேன். அவர் நம்பவில்லை. மீன் பெட்டியின் தெர்மாகோல் மூடி ஒன்றை எடுத்துத் தண்ணீர் ஓரமாகப் போட்டார். "பிடிங்க பாப்போம்" என்றார்.

மேற்கேயிருந்து அடிக்கிற கச்சான் காற்று அதைத் தூக்கிக்கொண்டு போனது. ஐம்பத்தொரு வயதில், சட்டைப் பையில் அளவு நாடா தொங்க, தெர்மாகோல் துரத்தினேன். பிடிபடவில்லை.

"ஆள் விழுந்ததும் ஸ்கி இப்படித்தான் போவும். எப்பேர்ப்பட்ட நீச்சக்காரனும் எட்ட முடியாது. காலில் பட்டை இருந்தா படகு நிக்கும், இழுத்து ஏறிக்கலாம். இல்லேன்னா நடுக்கடல்ல தலை மட்டும் தெரியும். தேடுறவன் கண்ணுக்கு அது தேங்காய் மாதிரிதான்."

வெளியூரிலிருந்து வரவழைத்த பட்டைகள் இரண்டு மாதத்தில் இற்றுப்போகின்றனவாம். பதிமூன்று வேண்டும் என்றார். பன்னிரண்டு முகாமுக்கு, ஒன்று ஜெசிக்கு. அடுத்த மாதம் 23ஆம் தேதி இங்கிருந்து முகுந்தராயர் சத்திரம் வரை படகு ஓட்டம். முன்னால் போய் வழி காட்டப்போவது ஜெசி. அது நல்லபடியாக முடிந்தால் அவளைத் தலைமைப் பயிற்சியாளர் ஆக்குவார்களாம்.

மகள் இதை என்னிடம் சொல்லவில்லை. ஊரான் சொல்லித் தெரிகிறது.

ஜூன் 14, புதன்

வீட்டில் பட்டையைப் பற்றி வாயைத் திறந்தது தப்பு.

"கால்ல கயிறு யாருக்குக் கட்டுவாக?" என்றாள் என் பெண்டாட்டி அருளாயி. "செத்தவுகளுக்கு. பெருவெரல் ரெண்டையும் சேத்து. உசுரோட இருக்கவளுக்குக் கட்டுறேங்கிறீகளே, நீங்க அப்பனா?"

"ரெண்டு காலு இல்ல அருளாயி. ஒரு காலுதான்."

"அப்ப பாதி செத்தவளா?"

ஜெசி தட்டில் முகத்தை வைத்துச் சிரித்தாள். "அம்மா, கட்டாம போனாத்தான் முழுசாச் சாவு" என்றாள். அருளாயி எழுந்து போய்விட்டாள். மீன் குழம்பு நான் பரிமாறினேன். பாதி கீழே.

ஜூன் 17, சனி

பட்டை முடிந்தது. கெண்டைக்காலைச் சுற்ற அகலமாக, உள்ளே பஞ்சு வைத்து, கயிறு மாதிரியே தெரியாதபடி செய்தேன். அருளாயி கண்ணுக்காக. ஒரே இழுப்பில் பிரிகிற மாதிரி ஒட்டுப்பட்டையும் கைப்பிடியும். அங்கிருந்து ஆறடி நைலான் பட்டை. மறுமுனை படகில் உள்ள வளையத்துக்கு. வளையத்தில் மடித்துத் தைக்கிற அந்த இரண்டங்குல இடம்தான் உயிர்நாடி. சீட் கவரில் அதிகம் இழுபடுகிற இடத்தில் மூன்று வரிசைத் தையல் போடுவேன். இது மகள் காலுக்கு. ஒன்றை ஒன்று ஒட்டினாற்போல, குறுக்கே, ஏழு வரிசை போட்டேன். தடித்த ஊசி. மிஷின் அழுதது.

ஷட்டர் கம்பியில் மாட்டி அரிசி மூட்டையைத் தொங்கவிட்டேன். பிறகு நானே தொங்கினேன். எதிர்க் கடை டீ மாஸ்டர் ஓடி வந்தார், தூக்குப் போடுகிறேன் என்று நினைத்து.

தாங்கியது. மீதிப் பன்னிரண்டையும் இதே மாதிரி தைக்க வேண்டும்.

ஜூன் 21, புதன்

மினி பஸ் சீட்டை எலி கடித்துவிட்டதாம். எலிக்கு அம்பு விட்ட இதயம் வரையத் தெரியும்போல.

ஜூன் 27, செவ்வாய்

காற்று, காற்று, காற்று. கடைத் தகரம் இரண்டு பறந்துவிட்டது. ரெக்சினை விரித்தால் அது என்னைப் போர்த்துகிறது. வெட்டுகிற கோடு கோணலாகப் போகிறது. மணல் மிஷினுக்குள், சோற்றுக்குள், காதுக்குள். ஊரே இந்தக் காற்றைத் திட்டுகிறது. என் வீட்டில் ஒருத்தி காலையில் எழுந்து போனில் காற்றின் வேகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னைக்குக் கம்மிதான்" என்று முகத்தைத் தொங்கப்போடுகிறாள்.

பதிமூன்றையும் கொடுத்தாயிற்று. கிளாட்வின் தம்பி தையலைத் தடவிப் பார்த்து, "யானையைக் கட்டலாம் அண்ணாச்சி" என்றார். ஜெசி தன்னுடையதன் உள்பக்கம் பேனாவால் தன் பெயரை எழுதிக்கொண்டாள்.

ஜூலை 2, ஞாயிறு

மணி ஆறு. அவள் உள்ளே படுத்திருக்கிறாள். மூச்சு வருகிறது. நான்கு தடவை போய்ப் பார்த்துவிட்டேன்.

இன்று ஐந்து பேர் சத்திரம் வரை பழகிப் பார்க்கப் போனார்கள். படகுகளைத் திரும்ப ஏற்றி வர லோடு வண்டியோடு நான் சத்திரக் கரையில் காத்திருந்தேன். பன்னிரண்டரைக்கு ஒன்று வந்தது. பிறகு இரண்டு. பிறகு ஒன்று. அதற்குப் பிறகு வெறும் நுரை.

வந்த நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். "அக்கா பின்னாடிதான் வந்தாங்க" என்றது ஒரு பெண். கிளாட்வின் தம்பி போனை எடுத்தார். கடலோரக் காவலுக்குச் சொன்னார், மீனவர்களுக்குச் சொன்னார். நான் வண்டியின் கூரை மேல் ஏறி நின்றேன். எதற்கு என்று தெரியாது. அங்கிருந்தும் நுரைதான் தெரிந்தது. ஒரு மணி நேரம் நாற்பது நிமிடம். அந்த நேரத்தில் நான் என்னென்ன நேர்ந்துகொண்டேன் என்பதை எழுதப்போவதில்லை. நிறைவேற்றச் சொல்லி அருளாயி பிடித்துக்கொள்வாள்.

நம்புவேலின் வள்ளம்தான் கொண்டுவந்தது. ஆரஞ்சு மிதவைச் சட்டையையும் விசில் சத்தத்தையும் வைத்துக் கண்டுபிடித்திருக்கிறான். படகு இல்லை. அவள் மட்டும். உதடு நீலம். கால் தரையில் நிற்கவில்லை.

கிளாட்வின் தம்பி குனிந்து கேட்டார். "ஜெசி, ஸ்கி எங்கே? லீஷ்?"

அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு மணலைப் பார்த்தாள். "போடல சார். எல்லாருக்கும் செக் பண்ணிட்டுக் கடைசியா ஏறினேனா... எனக்குப் போட மறந்துட்டேன்."

நான் கத்தினேன். அத்தனை பேர் முன்னால், இருபத்து மூன்று வயதுப் பெண்ணை. "எருமை! ஒனக்காகத்தானடி ஏழு வரிசை போட்டேன்! கால்ல மாட்டி விடுறதுக்கும் அப்பன் வரணுமா?" இன்னும் என்னவெல்லாமோ. நம்புவேல் வாயைத் திறந்தான். ஜெசி அவனைப் பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டு என்னை மட்டும் தோளைப் பிடித்து அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போனான்.

லீஷ் இல்லாமல் இறங்கினால் அந்த சீசன் முழுக்க இறங்கக் கூடாது. முகாம் பலகையில் எழுதியிருக்கிற சட்டம் அது. எழுதியது ஜெசியின் கையெழுத்து. 23ஆம் தேதி ஓட்டத்துக்கு வேறு ஆள்.

ஜூலை 3, திங்கள்

சொறிமீன் பட்டிருக்கும்போல. வலது கெண்டைக்காலைச் சுற்றி வளையல் மாதிரி சிவந்து கன்றிப்போயிருக்கிறது. அருளாயி எண்ணெய் போடப் போனாள். ஜெசி காலை இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள். சொறிமீன் இவ்வளவு ஒழுங்காக வட்டம் போட்டு நான் பார்த்ததில்லை.

ஜூலை 6, வியாழன்

வீட்டில் மூன்று பேர். ஒருத்தருக்கொருத்தர் பேச்சு இல்லை. டிவி மட்டும் பேசுகிறது.

இன்று அருளாயி அடுப்படியில் நின்றபடி, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "நான் சொன்னதுனாலதான் அவ கட்டாம போயிருக்கா. செத்தவுகளுக்குக் கட்டுறதுண்டு சொன்னேன்ல. மனசுல பட்டுருக்கும்."

"அவ ஓம் பேச்ச என்னைக்கிக் கேட்டா" என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன். அவள் அழுதாள். ஆறுதல் சொல்கிற வேலைக்கும் நான் பத்தாம் வகுப்பு ஃபெயில்.

ஜூலை 9, ஞாயிறு

படகு கிடைத்தது. சத்திரத்துக்கு அப்பால் மணல் திட்டில் ஒதுங்கிக் கிடந்ததாக ஆட்கள் சொன்னார்கள். நான் மட்டும் வண்டி எடுத்துக்கொண்டு போனேன். சுக்கான் வளைந்திருக்கிறது, மற்றபடி பெரிய சேதம் இல்லை. கழுவி முகாமில் இறக்கிவிட்டேன். வரும் வழியில் டயர் பஞ்சர்.

இன்று வேறு எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 10, திங்கள்

முகாமுக்குப் போய்ப் பன்னிரண்டு பட்டைகளையும் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தேன். "நூல் சரியில்ல தம்பி, வேற நூல் போட்டுத் தாறேன். அதுவரைக்கும் பழச வச்சு ஓட்டுங்க" என்றேன். கிளாட்வின் தம்பி சுற்றி நின்றவர்களிடம் சொன்னார்: "பாத்துக்கோங்கடே, தொழில்ல நேர்மைண்ணா இதான்."

அப்படியே மண்ணுக்குள் போயிருக்கலாம். மணல்தான் இருந்தது.

ஜூலை 11, செவ்வாய்

நேற்றும் முந்தா நாளும் எழுதாததை எழுதிவிடுகிறேன்.

ஒதுங்கிய படகின் வளையத்தில் என் பட்டை இருந்தது. நாலு விரல் நீளம். மீதி இல்லை. கிழிந்த இடம் நேராக, பிசிறில்லாமல், என் தையல் மேலேயே ஓடியிருக்கிறது. தபால்தலைத் தாளில் சுலபமாகக் கிழியட்டும் என்று வரிசையாகத் துளை போட்டிருப்பார்களே, அதே மாதிரி. ஏழு வரிசை போட்டேன், தடித்த ஊசியால், நெருக்கமாக. பட்டைக்குப் பலம் கொடுக்கிறேன் என்று அதை நானே சல்லடை ஆக்கியிருக்கிறேன். அரிசி மூட்டை சும்மா தொங்கும். அலை அப்படித் தொங்காது. வெடுக்கு வெடுக்கென்று இழுக்கும்.

ஆக, அவள் போட்டிருந்தாள்.

அந்தத் துண்டைக் கழற்றி எடுத்து வந்து, பின்னறையில் பஞ்சு அடுக்குக்கு அடியில் வைத்திருக்கிறேன். கிளாட்வின் தம்பியிடம் சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்வேன்.

ஜூலை 12, புதன்

சொல்லவில்லை. இன்று ஜெசி கடைக்கு வந்தாள், வீட்டில் இருக்கப் பிடிக்காமல். பழைய சீட்டுகளின் உறையைப் பிரித்துக் கொடுத்தாள். மத்தியானம் இரண்டு பேரும் ஒரே தூக்குவாளியில் சாப்பிட்டோம். வெளியே காற்று பேயாக அடித்தது. அவள் தலையைத் திருப்பித் திருப்பிக் கடல் பக்கம் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். உலர்ந்த தலைமுடி, உலர்ந்த சுடிதார்.

நல்ல நாள்.

ஜூலை 13, வியாழன்

முகாமுக்குப் போனேன். கிளாட்வின் தம்பி வகுப்பில் இருந்தார். திரும்பிவிட்டேன்.

ஜூலை 14, வெள்ளி

போனேன். அவர் ராமநாதபுரம் போயிருந்தார். அது எனக்கு நேற்றே தெரியும்.

ஜூலை 15, சனி

பன்னிரண்டு பட்டைகளையும் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். எப்படித் தைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. முப்பது வருடம் மிஷின் மிதித்தவனுக்கு இரண்டங்குலம் தைக்கத் தெரியவில்லை.

ஜெசி பக்கத்தில் வந்து நின்றாள். "அப்பா, எந்திரிங்க" என்றாள். மிஷினில் உட்கார்ந்தாள். ஊசியை மாற்றினாள், மெல்லியதாக. குறுக்கே தைக்கவில்லை. நீளவாக்கில் ஒரு கட்டம் போட்டு, உள்ளே பெருக்கல் குறி மாதிரி மூலைக்கு மூலை இழுத்தாள். தையல் இடைவெளி பெரிசு பெரிசாக.

"இப்படிப் போட்டா இழுக்குற பக்கமே தையலும் போகும். குறுக்க போட்டா..." என்று ஆரம்பித்தாள். நிறுத்திக்கொண்டாள்.

"குறுக்க போட்டா?"

"ஒண்ணுமில்ல. இது இன்னும் நல்லாருக்கும்."

"எங்க படிச்ச இத?"

"போன்ல ஒரு வீடியோ."

"எப்ப பாத்த?"

"சும்மா, படுத்திருந்தப்ப."

ஆறு பட்டை அவள் தைத்தாள், ஆறு நான். எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். ஒரு மிஷினுக்கு இரண்டு பக்கமும் இவ்வளவு தெரிந்துகொண்டு ஆறு மணி நேரம் உட்கார்ந்திருப்பது லேசான வேலை இல்லை. முதுகு பிடித்துக்கொண்டது.

ஜூலை 17, திங்கள்

23ஆம் தேதி முன்னால் போக மதுரையிலிருந்து ஓர் ஆளை வரவழைக்கிறார்களாம். அவனுக்கு நம்ம தென்கடல் எங்கே ஆழம் எங்கே பாறை என்று என்ன தெரியும்? ஜெசியிடம் கேட்டேன். "கத்துக்குவாருப்பா" என்றாள். ரெக்சினை வெட்டினாள். கோடு கோணலாகப் போனது. காற்று உள்ளே வரவில்லை, நான் ஷட்டரை இறக்கித்தான் வைத்திருந்தேன்.

ஜூலை 19, புதன்

அருளாயி கோவிலுக்குப் போய்விட்டு வந்து முற்றத்தில் முழங்காலில் நின்றாள். ஜெபமாலை கையில். சாப்பிடக் கூப்பிட்டேன். கையைக் காட்டினாள், பொறு என்று. முடித்துவிட்டு வந்தாள்.

"என்ன இன்னைக்கி இவ்வளவு நீட்டம்?"

"பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வந்தேன். சாமியாருட்டச் சொல்லிட்டேன். என் வாயாலதான் எம்புள்ள கட்டாம போனாண்டு. தினம் பத்து அருள்நிறைந்த மரியே சொல்லச் சொன்னாரு, ஒம்பது நாளைக்கி." பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஒம்பது நாள்ல போற பாவமா இது?" என்றாள்.

என் பாவத்துக்கு என் பெண்டாட்டி முழங்காலில் நிற்கிறாள். அவளுக்கு இடது முழங்காலில் வேறு வலி.

சோறு இறங்கவில்லை. நெத்திலிக் கருவாடு. அப்படியும் இறங்கவில்லை.

ஜூலை 20, வியாழன்

சொல்லிவிட்டேன்.

காலை ஏழு மணிக்கே போய் முகாம் வாசலில் நின்றேன், அவர் எங்கேயும் போவதற்கு முன்னால். துண்டை மேஜை மேல் வைத்தேன். "ஸ்கி வளையத்துல இருந்துச்சு தம்பி. அன்னைக்கி பாக்காமலே கழட்டிப் போட்டுருக்கேன், பின்னறையில பஞ்சுக்கு அடியில கெடந்துருக்கு. நேத்து ஒதுங்க வைக்கும்போது பாத்தேன். ஜெசி போட்டுத்தான் போயிருக்கா. அறுந்தது என் தையல்."

அவர் எடுத்துப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். துளைகளுக்குள் வெளிச்சம் தெரிந்தது.

"பன்னிரண்டு பிள்ளைங்க கால்ல இதுதான் இருந்துச்சு அண்ணாச்சி."

"ஆமா தம்பி."

"போன வாரமே எல்லாத்தையும் வாங்கிட்டுப் போனீங்களே. நூல் சரியில்லைண்ணு."

"அது... நூலும் சரியில்லதான்."

என்னைப் பார்த்தார். தொழிலில் நேர்மை என்று சொன்ன அதே கண். நான் மேஜைக் காலைப் பார்த்தேன். கரையான் அரித்திருக்கிறது, சொல்ல வேண்டும் என்று அந்த நேரத்திலும் தோன்றியது.

இனி என்னிடம் பட்டை வாங்க மாட்டாராம். ஜெசி தைத்ததும் வேண்டாமாம். சோதித்துச் சான்று கொடுத்த சரக்கு மட்டும்தான். நியாயம். ஜெசியைக் கூப்பிட்டுவிட்டார். 23ஆம் தேதி முன்னால் போவது அவள்தான். பொய் சொன்னதற்குத் தனியாக ஒரு வாரம் படகு கழுவ வேண்டுமாம். அதுவும் நியாயம்.

அவள் போனை வைத்துவிட்டு என்னிடம் வந்து, "ஏம்ப்பா சொன்னீங்க? கடைப்பேரு போயிருமேண்டுதான நான்..." என்றாள். தோளில் ஓர் அடி போட்டாள். வலித்தது. துடுப்புப் போடுகிற கை.

அருளாயியிடம் சொல்வதுதான் பெரிய பாடாக இருந்தது. அவள் முதலில் ஜெபமாலையை எடுத்து என் மடியில் போட்டாள். "மிச்சத்த நீங்க சொல்லுங்க" என்றாள். பிறகு ஒரு மணி நேரம் திட்டினாள். அந்த ஒரு மணி நேரமும் அவள் முகத்தில் இரண்டு வாரமாக இல்லாத ரத்தம் ஓடியது.

ஜூலை 21, வெள்ளி

டீக்கடையில் நம்புவேலைப் பிடித்தேன். "அன்னைக்கி அவ கால்ல பட்டை இருந்துச்சா?"

"வள்ளத்துல ஏறுனதும் பிரிச்சுக் கடல்ல எறிஞ்சா. 'மாமா, பாக்காத மாதிரி இருங்க'ண்டா."

"அப்ப ஒனக்குத் தெரியும்."

"எனக்கு எப்படி மச்சான் தெரியும்? நாந்தான் பாக்கலயே." டீயை ஊதிக் குடித்தான். கோபம் வந்தது. அதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்றும் வந்தது. வடை வாங்கிக் கொடுத்தேன்.

ஜூலை 22, சனி

நாளைக்குக் காற்றின் வேகம் இருபத்தைந்து நாட் இருக்குமாம். நாட் என்றால் என்ன என்று ஜெசி விளக்கினாள். கேட்காமல் இருந்திருக்கலாம்.

ஜூலை 23, ஞாயிறு

ஏழு படகுகள். இறங்குவதற்கு முன்னால் ஒருத்தர் பட்டையை அடுத்தவர் இழுத்துப் பார்த்தார்கள். ஜெசியின் பட்டையைக் கிளாட்வின் தம்பி இழுத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "நீங்களும் இழுங்க அண்ணாச்சி" என்றார். வாங்கின சரக்கு, பழைய டெலிபோன் வயர் மாதிரி சுருள் சுருளாக. தையல் கட்டம் போட்டு உள்ளே பெருக்கல் குறி. இழுத்தேன். ஜெசி, "மெதுவாப்பா, காலு என்னுது" என்றாள். அருளாயியும் வந்திருந்தாள். குனிந்து அந்தப் பட்டையைத் தொட்டு, கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அலை உடைகிற இடத்தைத் தாண்டியதும் ஏழும் கிழக்கே திரும்பின. காற்று முதுகில் கிடைத்ததும் பறந்தன. தார்ச்சாலையில் லோடு வண்டியை ஓட்டிக்கொண்டே மேடு கிடைத்த இடத்தில் எல்லாம் நிறுத்தி எண்ணினேன். ஏழு. ஏழு. ஏழு. பாதி வழியில் ஆறு.

வண்டியை விட்டு இறங்கினேனா, விழுந்தேனா தெரியாது. முன்னால் போகிறவள்தான் இல்லை. பெரிய அலை ஒன்று இறங்கியதும் தெரிந்தது. படகு கவிழ்ந்து கிடந்தது, பக்கத்தில் ஆரஞ்சு நிறம். படகு ஓடப் பார்த்தது. சுருள் நீண்டு விறைத்தது. நின்றது. அவள் அதைப் பிடித்து இழுத்து, நிமிர்த்தி, வயிற்றை மேலே போட்டு, ஒரே புரளலில் உட்கார்ந்தாள். எனக்கு முழங்கால் தண்ணீரில் முடியாதது. பின்னால் வந்த ஆறு பேரும் அவளைச் சுற்றிக் காத்து நின்றார்கள். துடுப்பைத் தூக்கிக் காட்டிவிட்டு மறுபடியும் முன்னால் போனாள்.

சத்திரத்தில் ஏழும் கரையேறின. கை தட்டினார்கள். அருளாயி தட்டவில்லை, அவள் கையில் தலை துவட்டத் துவர்த்தும் சுக்குக் காப்பியும் இருந்தன.

எல்லாரும் படகுகளைத் தூக்கிக்கொண்டு போன பிறகு ஜெசி வண்டியின் பின்பலகையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். காலிலிருந்த பட்டையைப் பிரித்தாள்.

"அப்பா. அந்தத் துண்ட எப்ப பாத்தீங்க?"

"புதன்கெழமை. பின்னறைய ஒதுங்க வச்சப்ப."

"ம்." காலில் ஒட்டிய மணலைத் தட்டினாள். "படக நீங்கதான போயி எடுத்துட்டு வந்தீங்க. அப்ப வளையத்தப் பாக்கலயா?"

"பாக்கல. வெயிலு. கண்ணு கூசுச்சு."

"ம்" என்றாள். தலையை என் தோளில் சாய்த்தாள். சட்டை நனைந்தது. நான் சொல்லாமல் விட்டது இதுதான்: ஒன்பதாம் தேதியே பார்த்துவிட்டேன், ஆத்தா. இன்னும் கொஞ்ச நாள் நீ கரையில் இருப்பாயே என்றுதான் வாயைத் திறக்கவில்லை.